இரண்டரை ஏக்கரில் ஒரு பன்றி

கேள்வி: ஐயா, வணக்கம். பதினான்கு வருடமாகச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. இன்னும் இரண்டு வருடத்தில் ஊருக்கே போய்விடலாம் என்று இருக்கிறேன். நத்தம் பக்கம் சிறுமலை அடிவாரத்தில் இரண்டரை ஏக்கர் இருக்கிறது. பாதி மாந்தோப்பு, பாதி தரிசு. கிணற்றில் தண்ணீர் உண்டு. மனைவியும் அப்பாவும் ஊரில் இருக்கிறார்கள். வெண்பன்றிகளைக் கொட்டகையில் அடைக்காமல் தோப்பில் மேயவிட்டு வளர்க்க ஆசை. புல் தின்று வளர்ந்தால் தீவனச் செலவு மிச்சம்தானே? இங்கே பேரங்காடியில் அப்படி வளர்த்த பன்றியின் இறைச்சி என்ன விலை விற்கிறது என்று பார்த்தேன். முதலில் நான்கு தாய்ப்பன்றி, ஒரு ஆண்பன்றி வாங்கலாமா? அதற்கு முன்னால் லிம் சூ காங் பக்கம் கொஞ்சம் நிலம் குத்தகைக்கு எடுத்து இங்கேயே பழகிப் பார்க்க வழி உண்டா?

பதில்:

தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இங்கே வழியே இல்லை. லிம் சூ காங்கில் கீரை போடலாம், மீன், முட்டைக்கோழி வளர்க்கலாம். பன்றி முடியாது. எழுபதுகளில் கிராஞ்சி நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருந்த பன்றிப் பண்ணைகளைப் பொங்கோலுக்கு மாற்றினார்கள். 1984-இல் அதையும் படிப்படியாக மூடப் போவதாக அரசு சொன்னது. தொண்ணூறுகளின் தொடக்கத்திற்குள் கடைசிப் பண்ணையும் போய்விட்டது. நிலம் கொஞ்சம், தண்ணீர் அதைவிடக் கொஞ்சம். கழிவைச் சுத்திகரிக்கும் செலவில் வெளியிலிருந்தே இறைச்சி வாங்கிவிடலாம் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

அந்தக் கடைசி வருடங்களில் நான் படிப்பு முடித்து வந்த இளம் கால்நடை மருத்துவன். பொங்கோலில் எந்தப் பன்றியும் புல்லைப் பார்த்ததில்லை. சிமெண்டுத் தரை, கம்பித் தடுப்பு, நாள் முழுக்க ரப்பர் குழாயில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் சத்தம். அதற்கு முந்திய காலத்துக் கம்பங்களில், அதாவது இங்கத்திய கிராமங்களில், சீனக் குடும்பங்கள் வீட்டுக்குப் பின்னால் நாலைந்து பன்றி வைத்திருந்தன. குளத்து ஆகாயத்தாமரையை நறுக்கி, மிச்சச் சோற்றோடு பெரிய சட்டியில் வேகவைத்து ஊற்றுவார்கள். நீங்கள் கற்பனை செய்கிற பண்ணைக்கு அதுதான் கொஞ்சம் கிட்டத்து உறவு. அந்தச் சட்டியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இன்று இந்தத் தீவில் மண்ணைக் கிளறித் திரிகிற பன்றி என்றால் காட்டுப்பன்றி மட்டும்தான்.

இப்போது தீவனச் செலவு. உங்கள் திட்டம் முழுக்க அந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது. அது தப்பு.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் அசைபோடும் வயிறு. வெறும் புல்லையே பாலாகவும் கறியாகவும் மாற்றிக்கொள்ளும். பன்றியின் வயிறு ஏறக்குறைய நம் வயிறு மாதிரி. புல்லைத் தின்னும், ஆனால் அதை வைத்து எடை ஏறாது. நீங்கள் பேரங்காடியில் பார்த்தது ஸ்பெயின் நாட்டு ஐபீரிகோவாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதன் கதையே வேறு. அந்தப் பன்றிகளைக் கடைசி மாதங்களில் ஓக் மரக் காட்டில் விடுவார்கள். கொழுக்க வைப்பது அங்கே உதிரும் கொட்டை. புல் அதற்குத் துணை. அப்படி நிலத்தையே நம்பி வளர்ப்பதற்கு அந்நாட்டுச் சட்டம் ஒரு ஹெக்டேருக்கு அதிகபட்சம் 1.25 பன்றி என்று வரம்பு வைத்திருக்கிறது. ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய உங்கள் இரண்டரை ஏக்கர். உங்கள் நிலம் முழுக்க ஓக் மரமாக இருந்து, மரமெல்லாம் நன்றாகக் காய்த்தாலும், அது சோறு போடுவது ஒரே ஒரு பன்றிக்கு.

ஆகவே தீவனம் வாங்கித்தான் ஆக வேண்டும். கணக்கை நீங்களே போடுங்கள். பத்துப் பன்னிரண்டு கிலோவில் வாங்கும் குட்டி தொண்ணூறு கிலோவுக்கு வர, வெளியில் நடமாடும் பன்றிக்கு ஒரு கிலோ எடைக்கு மூன்றரைக் கிலோ கலப்புத் தீவனம் என்று வையுங்கள். ஒரு பன்றிக்கு 270 கிலோவுக்குக் குறையாது. தீவனம் கிலோ 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஏறும் ஒவ்வொரு கிலோவுக்கும் 122 ரூபாய் தொட்டியிலேயே போகிறது. குட்டி விலை, மருந்து, வேலி, செத்துப் போகும் ஒன்றிரண்டு எல்லாம் இதற்கு மேல். உங்கள் ஊரில் உயிர் எடை என்ன விலைக்குப் போகிறது என்று வியாபாரியிடம் கேட்டு, பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இடமில்லை என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

அப்படியானால் மேயவிடுவதில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். பன்றிக்கு வேலை கிடைக்கிறது. அதன் மூக்கு ஒரு கலப்பை. உங்கள் தரிசில் கோரை மண்டிக் கிடந்தால், மனிதன் ஆறு மாதம் களைவெட்டிப் போராடும் கோரைக்கிழங்கை ஆறு பன்றி சில நாளில் தோண்டித் தின்றுவிடும். நின்ற இடத்திலேயே நாள் முழுக்க நிற்கும் பன்றிகள் ஒன்றின் வாலை ஒன்று கடிக்கும். கிளற மண் கிடைத்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. கறியும் கொஞ்சம் இறுகி, நிறம் கூடி இருக்கும். இதற்கெல்லாம் கூடுதல் விலை கொடுக்கும் ஆளை நீங்கள் பிடித்தால் மேய்ச்சல் கட்டுபடியாகும். தீவனத்தில் வேலிமசால், அகத்தி, முருங்கைத் தழை, சர்க்கரைவள்ளிக் கொடி கொஞ்சம் ஈடுகொடுக்கும். உதிரும் மாங்காயும் போகும். ஆனால் சவுண்டல் தழையை அதிகம் கொடுத்தால் முடி கொட்டும். மரவள்ளியைப் பச்சையாகக் கொடுக்காதீர்கள், தோலுரித்துக் காயவைத்தோ வேகவைத்தோ கொடுங்கள்.

கடலைப் புண்ணாக்கு பற்றி ஒரு எச்சரிக்கை. தேனிப் பக்கம் ஒரு நண்பர், மூட்டை மலிவாகக் கிடைக்கிறது என்று மழையில் நனைந்த சரக்கை வாங்கிவிட்டார். போய்ப் பார்த்தேன். பன்றிகள் தொட்டிக்கு வரவில்லை, கண் வெள்ளை மஞ்சளித்திருந்தது. மூட்டைக்குள் கைவிட்டு ஒரு துண்டை உடைத்தால் உள்ளே பச்சைப் பூஞ்சணம், மக்கிய வாடை. பூஞ்சண நஞ்சு பன்றியின் ஈரலைத்தான் முதலில் பிடிக்கும். மருந்து கிடையாது. மக்காச்சோளத்துக்கும் இதே பேச்சுதான். மாடு தாங்குவதைப் பன்றி தாங்காது.

நான்கு தாய்ப்பன்றி, ஒரு ஆண்பன்றி வேண்டவே வேண்டாம். சினைக்காலம் 114 நாள், மூன்று மாதம் மூன்று வாரம் மூன்று நாள் என்பார்கள். ஒரு ஈற்றுக்கு எட்டு, பத்துக் குட்டி. எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஒரு வருடத்திற்குள் அறுபது பன்றி உங்கள் அப்பா தலையில் வந்து விழும். ஒழுங்காக நடக்கவில்லை என்றால் நள்ளிரவில் குட்டி சிக்கிக்கொண்டு அவர் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பார், நீங்கள் இங்கே பகல் வேலைக்கு எழுந்திருக்க வேண்டும். பால் மறந்த குட்டி ஆறு வாங்குங்கள், ஆண் என்றால் காயடித்தது. ஒரு சுற்று வளர்த்து விற்றுப் பாருங்கள். மானியத் தரகர் யாராவது வந்து தேசியக் கால்நடை இயக்கத்தில் பாதித் தொகை அரசு தரும் என்பார். உண்மைதான், ஆனால் அதில் குறைந்த அளவே 50 தாய்ப்பன்றி, 5 ஆண்பன்றி. மானியத்துக்காகப் பண்ணையைப் பெரிதாக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிறகு கொட்டகைதான் மிஞ்சியது.

எந்த மாதத்தில் வாங்குவது என்பதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் ஊர் வெயிலுக்கு அதுதான் முக்கியம். பன்றிக்கு வியர்க்காது. குட்டி வெயிலைத் தாங்கும், எடை ஏற ஏறத் தாங்காது. எண்பது கிலோ பன்றிக்கு இருபது டிகிரி சொர்க்கம், முப்பதைத் தாண்டினால் தீவனம் எடுப்பது குறையும், வாயைத் திறந்து இரைக்கும். அதனால் வைகாசிக் கடைசி, ஆனியில் குட்டி வாங்குங்கள். வெயில் தணியத் தணிய அது வளரும். கனத்துப் போகும் கட்டம் கார்த்திகை, மார்கழிக் குளிரில் வரும். கிறிஸ்துமஸுக்குக் கறி கேட்பவர்களும் அப்போதுதான் வருவார்கள். கார்த்திகையில் வாங்கினால் எல்லாம் தலைகீழ்.

ஆனால் ஐப்பசி அடைமழை நடுவில் நிற்கிறது. நாலு கால் நடக்கும் இடமெல்லாம் சேறாகும். சேறு பன்றிக்குப் பிடிக்கும், ஆனால் தோப்பு பாழாகும், குளம்பு இடுக்கில் புண் வரும். ஆகவே கொட்டகை ஒன்று கட்டாயம் வேண்டும்: ஓலைக் கூரை போதும், தரை மட்டும் சிமெண்டு, சாய்வு வைத்து. பத்து நாள் மழை பிடித்தால் எல்லாம் உள்ளே. வெயில் காலத்தில் மாநிழலும் ஒரு சேற்றுக்குழியும் வேண்டும். வெள்ளைத் தோல், நேர் வெயிலில் சிவந்து உரிந்துவிடும். குடிக்கும் தண்ணீரைக் குழிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அதிலேயே இறங்கிப் படுத்துக்கொள்ளும். இளங்கன்று மாமரம் இருக்கும் பக்கம் விடவே கூடாது, வேரைக் கிளப்பிவிடும்.

நிலத்தை ஆறு பட்டையாகப் பிரித்து, ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு மண் புரண்டதும் அடுத்ததற்கு மாற்றுங்கள். திரும்ப அதே பட்டைக்கு வர ஐந்து ஆறு வாரமாவது ஆகட்டும். இது புல்லுக்காகத்தான், குடற்புழுவுக்கு இல்லை. பன்றியின் உருண்டைப் புழு முட்டை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பூச்சி மருந்தை நாள் குறித்துக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

உள்வேலிக்கு, கம்பியில் லேசான மின் அதிர்ச்சி கொடுக்கும், சூரிய ஒளியில் ஓடும் வேலிக் கருவி வாங்குங்கள். கம்பி இரண்டு போதும்: ஒன்று தரையிலிருந்து ஒரு சாண், மற்றது ஒரு முழம். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுக்கும் வேலையை அப்பா செய்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் ஆள் சாவார், காட்டு விலங்கு சாகும், ஜெயிலுக்குப் போக வேண்டிவரும். காப்புக்காடு பக்கத்தில் இருப்பதால் வேலி போடும் முன் வனத்துறையில் கேட்டுவிடுங்கள்.

கம்பி என்றால் என்ன என்று பன்றிக்குத் தெரியாது. மூக்கில் சுரீர் என்றதும் முதல் தடவை முன்னால்தான் பாயும். அதனால் கொட்டகைச் சுவருக்கு ஒரு எட்டு முன்னால் கம்பியைக் கட்டி இரண்டு மூன்று நாள் பழக்குங்கள். பாய வழியில்லாமல் பின்வாங்கக் கற்றுக்கொள்ளும். கற்றுக்கொண்ட பிறகு வேடிக்கை. பட்டை மாற்றக் கம்பியை எடுத்த பின்னும், அது இருந்த கோட்டைத் தாண்டாமல் வரிசையாக நின்று பார்க்கும். தீவன வாளியைத் தட்டினால்தான், ஒன்று தாண்டியபின் மற்றவை வரும்.

வெளி எல்லைக்கு இந்தக் கம்பி போதாது. அடியில் மண்ணுக்குள் புதைத்த வலைவேலி வேண்டும். இது உங்கள் பன்றி வெளியே போகாமல் இருக்க அல்ல, சிறுமலைக் காட்டுப்பன்றி உள்ளே வராமல் இருக்க. இங்கேதான் நான் எல்லாவற்றையும்விட அஞ்சுவது வருகிறது.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-இல் இந்தியாவுக்குள் வந்தது. மனிதருக்கு ஒட்டாது. பன்றிக்கு வந்தால் ஏறக்குறைய ஒன்றுகூட மிஞ்சாது, சிகிச்சை கிடையாது. 2023 தொடக்கத்தில் முதுமலையில் செத்துக் கிடந்த காட்டுப்பன்றிகளில் அது உறுதியானது. அதே வருடம் பிப்ரவரியில் இங்கே மண்டாய் பக்கம் கிடந்த காட்டுப்பன்றியிலும் கண்டார்கள். இரண்டு மாதம் கழித்து, நமக்குக் கப்பலில் உயிர்ப்பன்றி அனுப்பிக்கொண்டிருந்த இந்தோனேசியாவின் புலாவ் பூலான் தீவுப் பன்றிகளில் அது தெரிந்ததும் சிங்கப்பூர் உணவு அமைப்பு அந்த வரத்தை நிறுத்தியது. இந்த ஊரின் மொத்தப் பன்றி இறைச்சியில் 15 விழுக்காடு அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. ஈரச்சந்தையில் கறிக்கடைகள் பாதி மேசை காலியாக நின்றதை நீங்களே பார்த்திருப்பீர்கள். காவலும் மருத்துவரும் வேலியும் வைத்திருந்த தீவுக்கே அந்தக் கதி.

அந்தக் கிருமி இறைச்சியில், உப்புப் போட்டு உலர்த்தியதிலும்கூட, மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கம்பத்துச் சட்டி ஞாபகம் வருகிறதா? இன்றைக்கு ஓட்டல் மிச்சத்தைப் பன்றிக்கு ஊற்றுவதுதான் இந்த நோய் ஊர் விட்டு ஊர் போகும் பெரிய வழி. வேகவைத்தால் சரி என்பார்கள். தினமும் நடுவில் கொதி வந்ததா என்று யார் பார்ப்பது? ஓட்டல் எச்சில் உங்கள் வாசலுக்கே வரக் கூடாது, இலவசமாகக் கொடுத்தாலும்.

உங்களுக்கென்று தனியாக இன்னொன்று. விடுமுறையில் ஊருக்குப் போகும்போது சீனப் புத்தாண்டு நேரமாக இருந்தால் லாப் சியோங் என்கிற பன்றித் தொத்திறைச்சியோ பாக் குவா என்கிற வாட்டிய பன்றி இறைச்சியோ பெட்டியில் வைப்பவர்களை எனக்குத் தெரியும். பயணிகள் கொண்டுபோன தொத்திறைச்சியில் இந்தக் கிருமியின் தடயம் விமான நிலையச் சோதனையில் பிடிபட்ட நாடுகள் உண்டு. பிள்ளைகள் கடித்துப் போட்ட துண்டு வாளிக்குப் போனால் முடிந்தது கதை. பட்டறை பூட்ஸோடு பன்றிப் பட்டைக்குள் நடக்காதீர்கள். பண்ணைக்கென்று ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாசலிலேயே கிடக்கட்டும், உங்களுக்கும் வருகிற வியாபாரிக்கும். திரும்பி வரும்போது சொந்தப் பன்றிக் கறி என்று இங்கே எடுத்து வரும் யோசனையும் வேண்டாம். அனுமதி பெற்ற நாடுகளிலிருந்து மட்டும்தான் இறைச்சி உள்ளே வரலாம்.

பன்றிக் காய்ச்சலில் பழைய வகை ஒன்று உண்டு, அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் பன்றிகளுக்குப் போட்டுவிடுங்கள். புதியதற்கு உங்கள் வேலிதான் தடுப்பூசி.

பன்றியோடு சேர்ந்த கன்றும் மலம் தின்னும் என்று ஊரில் சொல்வார்கள். உங்கள் பன்றி தின்னாமல் பார்ப்பது உங்கள் வேலை. தோப்பில் கழிப்பறை இருக்கிறதா? வேலையாள் எங்கே ஒதுங்குகிறார்? நாடாப்புழு உள்ள ஒருவர் வெளியில் மலம் கழித்து, அதைப் பன்றி தின்றால், கறியில் அரிசி மணி போலக் கட்டிகள் உருவாகும். சரியாக வேகாத அந்தக் கறியால் புழு மனிதர் குடலுக்கு வரும். அந்தப் புழுவின் முட்டை கை வழியாகவோ தண்ணீர் வழியாகவோ யார் வாய்க்குள் போனாலும் மூளையில் கட்டி வந்து வலிப்பு வரும், பன்றிக் கறியே தொடாதவருக்கும். ஆகவே குட்டி வரும் முன்னால் கழிப்பறை. பக்கத்தில் நெல் வயல் இருந்தால் இரவில் குழந்தைகளுக்குக் கொசுவலையும் வேண்டும். மூளைக்காய்ச்சல் கிருமி பன்றியின் உடம்பில் பெருகி, வயல் கொசு வழியாக மனிதருக்கு வரும். குழந்தைகளுக்கு அதற்கான தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள்.

விற்பது பற்றி நான் அதிகம் சொல்ல முடியாது, ஊர் நிலவரம் உங்களுக்குத்தான் தெரியும். தொண்ணூறு கிலோ பன்றியில் அறுபத்தைந்து கிலோ போலத்தான் கறியும் எலும்பும் மிஞ்சும். அதை எங்கே வெட்டுவது, யார் அனுமதி தருவார் என்று ஊராட்சியில் முன்கூட்டியே கேளுங்கள். கிறிஸ்துமஸுக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று முன்பணம் தரும் பத்து வீடு கிடைத்த பிறகு குட்டி வாங்குங்கள். முன்பணம் இல்லாத "கட்டாயம் வாங்கிக்கிறேன்" கணக்கில் சேராது.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மனைவி ஊரில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் என்ன சொன்னார் என்று எழுதவில்லை. தொட்டி கழுவுவதும், மழையில் பன்றியை உள்ளே ஓட்டுவதும், பக்கத்து வீட்டார் முகம் சுளிப்பதைக் கேட்பதும் இரண்டு வருடத்துக்கு அவர்தான். இன்றே பேசுங்கள். அவர் சரி என்றால், அடுத்த விடுமுறையில் இருவரும் எல்லையை ஒரு சுற்று நடந்து எத்தனை மீட்டர் என்று அளந்து எனக்கு எழுதுங்கள், வேலிக் கருவியின் அளவைச் சொல்கிறேன். வேலிமசால் விதையை மட்டும் ஆடி மழைக்குப் போடச் சொல்லிவிடுங்கள். பன்றி வராமல் போனாலும் ஆடு தின்னும்.